கொக்கி தானாகக் கழலவில்லை

மிசூரி மாநிலம், கேல்டர் கவுண்டி ஷெரிஃப் அலுவலகம். மே மாதக் கடைசியில் வரும் நினைவு தின விடுமுறை வாரத்துச் சனிக்கிழமை பிற்பகலில், டாக்கெட் பழைய வாகன உடைப்பு யார்டின் அலுவலக அறையில் வைத்து, துணை அதிகாரி க்ளெவிஞ்சர் ஆகிய நான் கேட்டு எழுதியது. அடைப்புக்குறிக்குள் உள்ளவை என் குறிப்புகள்.

என் பெயர் நோவா லீ ஹட்ஸ்பெத். வயது இருபத்தாறு. ஸ்லேட் க்ரீக் சாலையில் உள்ள டிரெய்லர் வீடுகள் வளாகத்தில், கடைசி வரிசையில், வேலியோரத்து வீட்டில் குடியிருக்கிறேன். கோழிக்கறி ஆலையில் தொடை எலும்பு நீக்கும் வரிசையில் பகல் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். எனக்கு வெஸ்லி என்ற நான்கு வயது மகன் இருக்கிறான். அவன் இப்போது என்னுடன் இல்லை. குழந்தைகள் நலத்துறை ஜனவரியில் அவனை எடுத்துச் சென்று வேறொரு குடும்பத்திடம் வைத்திருக்கிறது. கணவர் பெயரைக் கேட்டார்கள். ராண்டல் ஹட்ஸ்பெத். எங்கே இருக்கிறார் என்று தெரியாது. தெரிந்திருந்தால் முதலில் அவர் உட்கார்ந்திருக்கும் இருக்கையைத்தான் பிடுங்கியிருப்பேன்.

(கடைசி வாக்கியம் தேவையா என்று கேட்டேன். அதையும் எழுதச் சொன்னார்.)

என்னிடம் எண்பத்தாறாம் வருடத்து ஃபோர்டு பிக்கப் வண்டி ஒன்று இருக்கிறது. எஞ்சின் ஓடுகிறது. பிரேக் பிடிக்கிறது. போன இலையுதிர் காலத்தில் ராண்டல் என்னை விட்டுப் போனபோது வண்டியை எனக்கே விட்டுவிட்டு, அதன் நீள இருக்கையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, சீட் பெல்ட்களையும் கத்தியால் அறுத்துவிட்டுப் போனார். மான் வேட்டைக் குடிசையில் சாய்ந்து உட்கார அதைப்போல் சுகம் வேறில்லை என்று தம் கூட்டாளியிடம் சொன்னதாக எனக்குத் தெரியவந்தது. அதன் பிறகு நான் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் பலகையோடு சேர்த்துத் திருகி, அதன்மேல் உட்கார்ந்துதான் ஆலைக்கு ஓட்டினேன். வண்டி நிறுத்துமிடத்தில் என்னைப் பார்த்து, "வழி விடுங்கப்பா, வாளி மகாராணி வர்றாங்க" என்பார்கள். நானும் சிரிப்பேன். தோல் இருக்கையில் வந்தவளும் உள்ளே போய்க் கோழியைத்தான் வெட்டப் போகிறாள்.

அதன் பிறகு ஜனவரியில், பெரிய பனிப்பொழிவு வாரத்தில், என் வீட்டு மின்சாரத்தைத் துண்டித்தார்கள். நான் வெஸ்லியை இரண்டு கோட்டுகளுக்குள் வைத்துப் பக்கத்து வீட்டு அடுப்படியில் தூங்க வைத்தேன். யாரோ போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். நலத்துறையிலிருந்து பென்னல் மேடம் வந்தார். நல்ல மனுஷிதான். கையுறையைக் கழற்றிவிட்டு வெஸ்லியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகு ஒரு தாளை நீட்டி, 'வீட்டைச் சூடாக வைத்திருக்க என்னால் இயலவில்லை' என்று அதில் ஒரு வரி இருக்கிறது, கையெழுத்துப் போட்டால் உதவித் திட்டத்தில் சேர்க்க வசதியாக இருக்கும் என்றார். என்னால் இயலும், மின்சாரக் கம்பெனிக்குத்தான் இயலவில்லை என்று நான் சொன்னேன். "அதெல்லாம் சும்மா ஒரு வழக்கத்துக்கு எழுதுறதும்மா. உனக்கு நல்லதுக்குத்தான்" என்றார். போட்டேன். அந்த வாரமே நீதிபதி முன்னால் வாசிக்கப்பட்டது அந்த ஒரு வரிதான். வாசித்து முடித்ததும் நீதிபதி வெஸ்லியை எடுத்துப் போகச் சொன்னார். அவன் ஒரு காலில் என் காலுறையைப் போட்டிருந்தான். அப்படியே போனான்.

இன்றைய சம்பவத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அதிகாரி கேட்டார். சம்பந்தம் இருக்கிறது, எழுதுங்கள் என்று சொன்னேன்.

அதன் பிறகு நீதிமன்றம் சொன்ன நிபந்தனைகளை ஒவ்வொன்றாக முடித்தேன். வீட்டில் சூடு வந்தது. அவனுக்குத் தனிக் கட்டில் வாங்கினேன். குளிர்பெட்டிக்குள் பென்னல் மேடம் தலையை விட்டுப் பார்த்துத் திருப்தி தெரிவித்தார். கடைசியாக மிஞ்சியது வண்டி. குழந்தை இருக்கையை இறுக்கிக் கட்டுவதற்கு அசையாத ஓர் இருக்கையும், பிடிக்கிற ஒரு பெல்ட்டும் வேண்டும். எங்கள் கவுண்டியில் பஸ் கிடையாது. வெஸ்லியைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவனை எதில் கொண்டு போவாய் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பஸ் விடாதவர்களிடமும் அதைக் கேட்டிருக்கலாம்.

(இந்த இடத்தில் நோவா லீ எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்தார். சம்பந்தப்பட்ட இருக்கை முற்றத்தில், இன்றைய தூக்குப் போட்டிக்கான தொடக்கக் கட்டைக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கும் நடுவில் விழுந்த இடத்திலேயே கிடந்தது. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார்.)

அதன் பிறகு நான் இருக்கை தேட ஆரம்பித்தேன். முதலில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நல்ல இருக்கை இருப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் அது வேறு கம்பெனி வண்டியுடையது, போல்ட் துளைகள் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. "சுத்தியலால ரெண்டு போடு போட்டா உக்காந்துரும்" என்றார். இரண்டாவதாகக் கிடைத்ததில் எலிகள் குடும்பம் நடத்தியிருந்தன. அந்த எலிக்கூட்டை மட்டும் ஒரு பையில் போட்டு வைத்தேன். அது எதற்கு என்று பிறகு வருகிறது. மூன்றாவதாக, நசுங்கிப் போன ஒரு சின்னக் காரின் இரண்டு தனி இருக்கைகளை வாங்கி, மரக்கட்டைகளை அடியில் கொடுத்துத் தரையில் திருகினேன். பென்னல் மேடம் வந்து ஒரே விரலால் அதைத் தள்ளினார். ஆடியது. "நோவா, இதுல உன் நாயைக்கூட உக்கார வைக்க மாட்டேன்" என்றார். எனக்கு நாய் கிடையாது என்று சொன்னேன். வருகிற செவ்வாய்க்கிழமை காலை மறுபடி வந்து பார்ப்பார். புதன்கிழமை நீதிபதி முடிவு சொல்வார். அன்றைக்கு முடியவில்லை என்றால் அடுத்த விசாரணை செப்டம்பரில். செப்டம்பரில் வெஸ்லிக்கு ஐந்து வயது முடிந்திருக்கும். போன சந்திப்பின்போது அவன் அந்த வீட்டு அம்மாவை என்ன சொல்லிக் கூப்பிடுகிறான் என்பதை என் காதால் கேட்டேன். அதை எழுத வேண்டாம்.

(எழுத வேண்டாம் என்று சொன்னதையும் சேர்த்து எழுதியிருப்பதை அவரிடம் சொன்னேன். "இருந்துட்டுப் போகட்டும், மேல போங்க சார், நாலு மணிக்குக் கடையை மூடிருவாங்க" என்றார்.)

அதன் பிறகு வியாழக்கிழமை வேலை முடிந்ததும் இந்த யார்டுக்கு வந்தேன். இங்கே வேண்டியதை நாமே கழற்றிக்கொள்ள வேண்டும். ஸ்பேனர் நம்முடையது. கடைசி வரிசையில் பழுப்பு நிறத்தில் தொண்ணூற்று நாலாம் வருடத்து ஃபோர்டு பிக்கப் ஒன்று நின்றது. எண்பதிலிருந்து தொண்ணூற்றாறு வரை வந்த வண்டிகளின் இருக்கைகள் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பது எனக்குத் தெரியும். உள்ளே இருக்கைமேல் ஒரு போர்வை விரித்திருந்தது. யாரோ வயதானவர் காலமெல்லாம் போர்வை விரித்தே ஓட்டியிருக்கிறார். போர்வையைத் தூக்கினால் அடியில் புதுத் துணி. நடு பெல்ட்டின் கொக்கியைப் பூட்டிப் பார்த்தேன். டக்கென்று பூட்டிக்கொண்டது. இழுத்தேன். காலை டேஷ்போர்டில் ஊன்றி இழுத்தேன். வரவில்லை. அதன் பிறகு சிறிது நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வண்டிக்குச் சக்கரமும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

இருக்கை, பெல்ட், இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும் இரும்புச் சறுக்குப் பட்டைகள் என்று தனித்தனியாக விலை போடுவார்கள், அவ்வளவு பணம் என்னிடம் இல்லை என்பதால் அன்று எடுக்க முடியவில்லை. ஆனால் நினைவு தின வாரத்துச் சனிக்கிழமை இங்கே தூக்குப் போட்டி நடக்கும். ஒரு டோக்கன் வாங்கினால், தொடக்கக் கட்டையிலிருந்து சுண்ணாம்புக் கோடு வரை ஓர் ஆள் எவ்வளவு தூக்கிக்கொண்டு போகிறாரோ அவ்வளவும் அவருடையது. தள்ளுவண்டி கூடாது. பொருள் தரையில் படக்கூடாது. இன்னொருவர் கை படக்கூடாது. டாக்கெட் விசிலோடு கோட்டருகே நிற்பார். ஊதினால் போச்சு, ஒரு டோக்கனுக்கு ஒரு தடவைதான். இதற்காக இரண்டு நாள் இருக்கையைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. போல்ட்களுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டேன். அதன் பிறகு பழைய போர்வையை மறுபடி விரித்து, அதன்மேல் நான் கொண்டு வந்திருந்த எலிக்கூட்டைப் பரப்பிவிட்டுப் போனேன்.

(இது குற்றமாகுமா என்று யார்டு உரிமையாளர் ராய்ஸ் டாக்கெட்டைக் கேட்டேன். "எல்லாப் பயலும் பண்றதுதான் சார். போன வருஷம் ஒருத்தன் இஞ்சின்மேல செத்த பாம்பைச் சுத்தி வச்சிட்டுப் போனான். அவனுக்கு முன்னாடி வேற ஒருத்தன் பாம்பையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிட்டான்" என்றார்.)

இன்று காலை வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் நின்றவர் ஆர்வல் டனவே. அதற்கு முன் அவரை எனக்குத் தெரியாது. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஊழியம் செய்கிறவர் என்று அவரே சொன்னார். அவருக்கு வேண்டியது தம் மனைவியின் காருக்கு ஒரே ஒரு பின் விளக்கு. ஒரு விளக்குக்காகவா டோக்கன் வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். "சனிக்கிழமை என் சம்சாரம் வீட்டைக் கழுவுவா தாயி. நான் வீட்ல இருந்தா என்னையும் சேத்துக் கழுவிடுவா" என்றார். பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். அந்தக் காபியைக் குடித்துக்கொண்டே வெஸ்லியைப் பற்றி நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லாமல் இருந்திருந்தால் அவர் தம் கையைத் தம்மிடமே வைத்திருப்பார்.

கேட் திறந்ததும் நேராகக் கடைசி வரிசைக்கு ஓடினேன். இருக்கை இருந்தது. எலிக்கூடும் இருந்தது. மூன்று போல்ட் சுலபமாக வந்தன. நாலாவதற்கு வண்டியின் அடியில் மல்லாந்து படுத்து, ஸ்பேனரில் ஒரு குழாயை மாட்டி, காலால் உதைத்தேன். கண்ணில் துரு விழுந்தது. அதன் பிறகு பெல்ட்களைக் கழற்றினேன். கட்டை வரைக்கும் யார்டின் தள்ளுவண்டியில் கொண்டு வர அனுமதி உண்டு. அதற்கப்புறம் உடம்புதான்.

இருக்கை என்னைவிட நீளம். கையில் பிடித்தால் கை எட்டாது. அதோடு என் கைகளைப் பற்றி எனக்குத் தெரியும். வரிசையில் இத்தனை வருடம் கத்தி பிடித்ததில் மூன்று விரல்கள் அடிக்கடி மரத்துப் போகும். அதனால் கைகளை நம்பாமல், நடு பெல்ட்டின் இரண்டு முனைகளையும் இருக்கையின் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கி, இருக்கையை முதுகில் ஏற்றிக்கொண்டு, பெல்ட்டை மார்பின் குறுக்கே இழுத்துக் கொக்கியைப் பூட்டினேன். மற்ற பெல்ட்களைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். வெஸ்லியைக் கட்டப் போவது இந்த பெல்ட்தான். இந்த இருக்கையின் எடையை இன்றைக்கே தாங்கிப் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

அதன் பிறகு நடந்தேன். ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று சத்தம் போட்டார்கள். "ஏய், சோபாவுக்குக் கால் முளைச்சிருச்சுடா!" என்றான் ஒருவன். "அக்கா, அப்படியே எங்க வீட்டுக்கு வந்துரு, டிவி இருக்கு, சோபா இல்ல" என்றான் இன்னொருவன். சிரித்தார்கள். கெட்ட மனசோடு சிரித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கோட்டை நெருங்கும்போது இருக்கை இடப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்தால் நின்று, இடுப்பை எதிர்ப்பக்கம் கொடுத்து நேராக்கிக்கொள்ள வேண்டும். வண்டியிலிருந்து இறக்கும்போதே அதைப் பழகியிருந்தேன். நின்றேன். நேராக்கப் போனேன். அப்போது முதுகில் பாரம் குறைந்தது. கோடு என் கால் பெருவிரலிலிருந்து ஓர் எட்டு தூரம்கூட இல்லை.

பாரம் குறைந்த அந்த நொடியே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. விசில் அதற்கப்புறம்தான் கேட்டது. டாக்கெட், "கை பட்டுருச்சு, அவுட்டு. இறக்கும்மா, அடுத்த ஆள் வரட்டும்" என்றார். கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஆர்வல் டனவே என் இடப்பக்கம் பின்னால் நின்று, உள்ளங்கையை இருக்கையின் அடியில் கொடுத்திருந்தார். "பயப்படாத தாயி, நான் பிடிச்சிக்கிட்டேன்" என்றார்.

அதன் பிறகு நான் கொக்கியின் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். இருக்கை விழுந்தது. அதன் சறுக்குப் பட்டை அவருடைய இடது காலில் விழுந்தது. அவர் துணி ஷூ போட்டிருந்தார்.

(இதன் பிறகு நடந்த உரையாடலையும் அப்படியே எழுத வேண்டும் என்று நோவா லீ கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன்.)

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கதவைச் சாத்தினார். "இங்க பாரும்மா. உன் கை மரத்துப் போகும்னு நீயே சொல்ற. ஆலையில வேலை பாக்குற பாதிப் பேருக்கு அப்படித்தான், என் தங்கச்சிக்கும் இருக்கு. பாரம் தாங்கல, நழுவிருச்சுன்னு ஒரு வரி போட்டுக்கலாம். விபத்து. விஷயம் இதோட முடிஞ்சிரும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

எனக்கு ஜனவரி ஞாபகம் வந்தது. இந்தத் தாள் யாருக்குப் போகும் என்று கேட்டேன். என் வழக்கு நடந்துகொண்டிருப்பதால் ஒரு நகல் நலத்துறைக்குப் போகும், அது விதி என்றார். அப்படியானால் செவ்வாய்க்கிழமை பென்னல் மேடம் கையில் இது இருக்கும். புதன்கிழமை நீதிபதி கையில் இருக்கும்.

எழுதிக்கொள்ளுங்கள். நான் இருக்கையைக் கையால் பிடித்திருக்கவில்லை. பெல்ட்டில் கட்டியிருந்தேன். நழுவியது என்று எழுதினால் கொக்கி கழன்றது என்று ஆகும். கழன்று விழும் கொக்கியில் நான்கு வயதுக் குழந்தையைக் கட்டலாமா என்று கேட்பார்கள். என்னால் தாங்க முடியவில்லை என்று எழுதினால், 'இயலவில்லை' என்று இன்னொரு தாளும் என் கையெழுத்தோடு அங்கே போய்ச் சேரும். கொக்கி தானாகக் கழலவில்லை. பெல்ட் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. எனக்கும் தாங்க முடிந்தது. பொத்தானை அழுத்தியது நான். வலது கைக் கட்டைவிரலால் அழுத்தினேன். ஒரே அழுத்தில் திறந்தது, அது அப்படித்தான் திறக்க வேண்டும்.

அவர் காலில் விழட்டும் என்று நினைத்து அழுத்தினாயா என்று அதிகாரி கேட்டார். அவர் பின்னால் நிற்கிறார் என்று தெரியும். கால் எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அழுத்தியிருப்பேனா என்று கேட்டால், அந்த நேரத்தில் அழுத்தியிருப்பேன். இப்போது அழுத்த மாட்டேன். அவர் கால் விரல் உடைந்திருந்தால் அதற்கான தண்டனையை ஏற்கிறேன். ஆனால் அது வேறு கணக்கு. பெல்ட்டின் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

(இந்நேரம் ராய்ஸ் டாக்கெட் கதவைத் திறந்து, தம் யார்டுக்குள் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி தம் கழுத்தைப் பிடிக்கும் என்பதால்தான் புகார் கொடுத்ததாகவும், தமக்கு இந்தப் பெண்மீது கோபம் எதுவும் இல்லை என்றும் சொன்னார். "கோபம் இல்லாமலே நல்லா செய்றீங்க" என்று நோவா லீ சொன்னார். காயம்பட்ட ஆர்வல் டனவே இடது காலை ஐஸ் வாளியில் வைத்தபடி வெளிப்படியில் உட்கார்ந்திருந்தவர், கதவு திறந்திருப்பதைப் பார்த்து நொண்டிக்கொண்டு உள்ளே வந்தார். பெருவிரல் நகம் கறுத்திருந்தது. மருத்துவ உதவி வண்டியை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தார்.)

ஆர்வல் டனவே உள்ளே வந்து, "சார், நான் தொடவே இல்லைன்னு எழுதிக்குங்க. அப்ப இந்தப் புள்ள தூக்கினது செல்லும்ல?" என்றார்.

நான் சொன்னேன்: "தொட்டீங்க."

"தாயி, உனக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காகத்தான் தொட்டீங்க. எனக்காகத்தான் சார் நழுவிருச்சுன்னு எழுதச் சொல்றாரு. எனக்காகத்தான் ஜனவரியில என் புள்ளையத் தூக்கிட்டுப் போனாங்க. எனக்காக யாரும் ஒண்ணும் செய்யாம ஒரே ஒரு நாள் சும்மா இருங்க. கோடு பக்கத்துல இருந்துச்சு. நான் நேராக்கிக்கிட்டிருந்தேன்."

அவர் தம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அதன் பிறகு, "நேராக்கிக்கிட்டா இருந்த? விழப்போறேன்னு நினைச்சேன்" என்றார். இத்தனை வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர், சாய்கிற பிள்ளையைப் பார்த்தால் கை தானாகப் போய்விடுகிறது என்று சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அவர் காலுக்காக வருத்தம் தெரிவித்தேன். "நகம் முளைச்சிரும். என் சம்சாரம்கிட்ட என்ன சொல்றதுங்கிறதுதான் கவலை. பின் விளக்கு வாங்கப் போனவன் முன்னங்கால் போயி வந்திருக்கேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதையும் எழுதலாம்.

(இந்த இடத்தில் நோவா லீ மறுபடி எழுந்தார். முற்றத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் அந்த இருக்கையின் அருகே குந்தி, அளவு நாடாவால் அதன் அகலத்தை அளந்துகொண்டிருந்தார். விதிப்படி விழுந்த பொருள் யார்டுக்குத் திரும்புகிறது, டோக்கன் உள்ள எவரும் எடுக்கலாம் என்று டாக்கெட் உறுதிப்படுத்தினார். "சீக்கிரம் எழுதுங்க சார்" என்று நோவா லீ இருமுறை சொன்னார்.)

அதன் பிறகு ஆர்வல் டனவே சட்டைப் பையிலிருந்து தம் டோக்கனை எடுத்து மேசையில் வைத்தார். அவர் இன்று எதையும் தூக்கவில்லை. இனி தூக்கவும் முடியாது. "இது உதவி இல்ல தாயி. உடைஞ்ச காலுக்கு இது எதுக்கு? மேசையில கிடக்குது. எடுக்கிறவங்க எடுத்துக்கலாம்" என்றார். டாக்கெட்டைப் பார்த்தேன். டோக்கனில் யார் பெயரும் போடுவதில்லை, கொண்டு வருகிறவர் தூக்கலாம் என்றார். சிறிது நேரம் அது மேசையில் கிடந்தது. அதன் பிறகு எடுத்துக்கொண்டேன்.

இதுவரை அதிகாரி எழுதியதை நானே வாங்கி வாசித்தேன். 'நழுவியது', 'இயலவில்லை' என்ற சொற்கள் நானோ பிறரோ பேசியதாக வரும் இடங்களில் மட்டுமே இருக்கின்றன, எங்கும் நான் ஒப்புக்கொண்டதாக இல்லை என்பதை விரல் வைத்துப் பார்த்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. இரண்டு பேர் இரக்கப்பட்டார்கள், அதற்கு நான் இணங்கவில்லை. இதில் உள்ளது எல்லாம் நடந்தபடியே நான் சொன்னது. எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தையும் மாற்றப்படவில்லை என்று அறிந்தே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) நோவா லீ ஹட்ஸ்பெத்

அதிகாரியின் இறுதிக் குறிப்பு:

காயம்பட்ட ஆர்வல் டனவே தமக்குப் புகார் இல்லை என்று தனித்தாளில் எழுதிக் கொடுத்தார். மேற்கொண்டு நடவடிக்கை தேவையா என்பதை அரசு வழக்கறிஞர் முடிவு செய்வார் என்று தெரிவித்து, நோவா லீயைப் போகச் சொன்னேன். பேனாவை மூடுவதற்குள் அவர் வெளியே போய்விட்டார். சிவப்புத் தொப்பிக்காரர் இருக்கையின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நோவா லீ அவரிடம் ஏதோ சொன்னார். அவர் முனையைக் கீழே வைத்துவிட்டு விலகினார். நோவா லீ இருக்கையைத் தாமே தள்ளுவண்டியில் ஏற்றித் தொடக்கக் கட்டைக்குக் கொண்டு போய், முதுகில் ஏற்றி, பெல்ட்டை மார்பின் குறுக்கே இழுத்தார். கொக்கி பூட்டும் சத்தம் நான் நின்றிருந்த படிக்குக் கேட்டது.

இம்முறை யாரும் கூச்சலிடவில்லை. பாதிக்கு மேல் போனதும் இருக்கை இடப்பக்கம் சாய்ந்தது, முன்பைவிட அதிகமாக. நோவா லீ நின்றார். முழங்கால் மடங்கியது. ஆர்வல் டனவே தம் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டு போய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டார். டாக்கெட்டின் வாயில் விசில் இருந்தது. நான் படியிலிருந்து இறங்கவில்லை. அங்கிருந்த எவரும் அவருக்கு உதவவில்லை என்பதை நேரில் கண்டவனாகப் பதிவு செய்கிறேன்.

அவர் கோட்டைத் தாண்டும் வரை விசில் ஊதப்படவில்லை.

(ஒப்பம்) க்ளெவிஞ்சர், துணை அதிகாரி